வெங்கா, வெங்காஸ், வெங்கான்: ஸ்பானிஷ் 'வா' வினையின் சப்ஜங்டிவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுவது யார், யாருக்காக?

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னத் தங்குமிடத்தில் வேலை செய்கிறேன். மே தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும், ஆகஸ்டில் ஸ்பெயினில் விடுமுறைக் காலம், அதனால் அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்களோடு கதைத்துக் கதைத்து வந்ததுதான் என் ஸ்பானிஷ், இலக்கணப் புத்தகத்தைப் பிறகுதான் எடுத்தேன். இப்போது பின்னேரங்களில் சிலருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஓட்டோ ஓட்டுகிறவர்கள், புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்கள், கப்பல் வேலைக்குக் காத்திருக்கிற ஒரு தம்பி. எல்லாரும் வந்து நின்றுபோகிற இடம் ஒன்றுதான்: நிகழ்கால சப்ஜங்டிவ், அதாவது ஒன்று நடக்கிறது என்று சொல்லாமல், நடக்கட்டும், நடக்க வேண்டும், நடக்கக்கூடும் என்கிற மாதிரிச் சொல்லும்போது வினை எடுக்கும் வடிவம். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

எத்தனையோ வினை இருக்க ஏன் 'வெனீர்'?

வெனீர் என்றால் 'வருதல்'. நம்முடைய 'வா' தமிழில் எவ்வளவு வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: வரட்டும், வர வேண்டும், வரச் சொல், வர விடு, வரக்கூடும், வர முதல். சப்ஜங்டிவில் பாதியை இந்த 'வர' என்ற சொல்லுக்குள்ளேயே நாம் வைத்திருக்கிறோம். அதைக் காட்டத்தான் இந்த வினையை எடுத்தேன். மற்றப் பாதி தமிழில் இல்லை, அதை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

தமிழ் எழுத்தில் ஸ்பானிஷை எப்படி வாசிப்பது?

நான் 'வ' என்று எழுதும் இடத்தில் ஸ்பெயின்காரர் வாயில் 'ப'வுக்குக் கிட்டிய ஒலி வரும், 'பெங்கா' என்பது போல, 'தம்பி' என்பதில் வருகிற மெல்லிய ப. புத்தகத்தில் வி எழுத்தைப் பார்க்கிறவர்கள் குழம்பாமல் இருக்கத்தான் 'வ' போடுகிறேன். 'வெங்கா'வில் 'கா' நம் 'தங்கம்' என்பதில் வருகிற மெல்லிய க. எச் எழுத்துக்கு ஒலியே இல்லை, நான் 'ஹ' போடும் இடம் ஜே எழுத்து. இவ்வளவு போதும்.

சரி, வடிவங்கள் என்ன?

முதலில் சாதாரண நிகழ்காலம், அதாவது நடப்பதை நடக்கிறது என்று சொல்வது. நான் வருகிறேன் என்பதற்கு வெங்கோ. நீ வருகிறாய், வியேனேஸ். அவர் வருகிறார், வியேனே. நாங்கள் வருகிறோம், வெனீமோஸ். அவர்கள் வருகிறார்கள், வியேனென்.

சப்ஜங்டிவுக்கு அந்த 'நான்' வடிவத்தை மட்டும் எடுங்கள். வெங்கோ. கடைசி ஓ-வைக் கழற்றுங்கள், 'வெங்க்' மிஞ்சும். அதில் ஆ-வைப் பூட்டுங்கள். நான்: வெங்கா. நீ: வெங்காஸ். அவர், மரியாதையான நீங்கள்: வெங்கா. நாங்கள்: வெங்காமோஸ். ஸ்பெயினில் சிநேகிதர்கள் பலரைச் சேர்த்துக் கூப்பிடும் நீங்கள்: வெங்காய்ஸ். அவர்கள், மரியாதையான பன்மை: வெங்கான். சாதாரண நிகழ்காலத்தில் வியே, வெனீ என்று ஆடிக்கொண்டிருந்த வினை இங்கே ஆறு இடத்திலும் ஒரே அடியோடு நிற்பதைக் கவனியுங்கள். சப்ஜங்டிவ் கஷ்டம் என்று பயப்படுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

'நான்' வடிவமும் 'அவர்' வடிவமும் ஒன்றாக இருக்கிறதே, எப்படிப் பிரித்தறிவது என்று கேட்பார்கள். பேச்சின் போக்கில் விளங்கும், விளங்காவிட்டால் 'யோ' (நான்), 'எல்' (அவன்), 'எயா' (அவள்) என்று முன்னால் சேர்க்கலாம்.

மற்ற வினைகளுக்கும் இதே வழிதானா?

பெரும்பாலும் இதே வழிதான். தெங்கோ (என்னிடம் இருக்கிறது) தெங்கா ஆகும், சால்கோ (வெளியே போகிறேன்) சால்கா ஆகும், பொங்கோ (வைக்கிறேன்) பொங்கா ஆகும், தீகோ (சொல்கிறேன்) தீகா ஆகும். கொமேர் (சாப்பிட) கோமா, விவீர் (வாழ) விவா.

ஆர் என்று முடிகிற வினைகள் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். அப்லார் என்றால் கதைக்க. 'அவர் கதைக்கிறார்' அப்லா, சப்ஜங்டிவில் அப்லே. ஏர், ஈர் வினைகள் ஆ-வுக்குப் போகும், ஆர் வினைகள் ஏ-வுக்குப் போகும், ஆளுக்கு ஆள் இடம் மாறிக்கொள்கிற மாதிரி.

வழிக்கு வராத வினை ஆறு இருக்கிறது, அதைப் பாடமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை: செர் சேயா ஆகும், எஸ்தார் எஸ்தே ஆகும், ஈர் (போக) வாயா ஆகும், சபேர் (அறிய) சேப்பா ஆகும், அபேர் ஆயா ஆகும், தார் (கொடுக்க) தே ஆகும். இதில் 'வாயா' தமிழ்க் காதுக்குக் கூப்பிடுவது போலக் கேட்கும், ஆனால் அது 'போ' வினை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. தொகார் (தொட) என்ற வினை தோக்கே என்று ஆகும்போது புத்தகத்தில் சி எழுத்து போய் கியூ, யூ இரண்டும் வந்து நிற்கும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். ஒலி மாறவே இல்லை, 'க்' அப்படியே கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுத்தை மாற்றுகிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் மாற்றமே கண்ணில் படாது.

இதை எப்போது பாவிப்பது? சந்தேகம் வந்தால் சப்ஜங்டிவ் என்று படித்தேனே.

'சந்தேகம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போனால் பாதி இடத்தில் வழுக்கும். நான் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுக்கிறேன். 'இந்தச் சம்பவத்துக்கு நான் சாட்சி சொல்கிறேனா?' என்று கேளுங்கள். சாட்சி சொன்னால் சாதாரண நிகழ்காலம். சாட்சி சொல்லாமல் விரும்புகிறேன், கேட்கிறேன், விடுகிறேன், பயப்படுகிறேன் என்றால் சப்ஜங்டிவ்.

இதைக் காட்ட நான் வைத்திருக்கும் மிகச் சிறந்த சோடி இது:

மமா தீசே கே வியேனே. அம்மா தான் வருவதாகச் சொல்கிறார்.

மமா தீசே கே வெங்காஸ். அம்மா உன்னை வரச் சொல்கிறார்.

'தீசே' (சொல்கிறார்), 'கே' (என்று) இரண்டிலும் ஒன்றுதான். முதல் வசனத்தில் அம்மா ஒரு செய்தி சொல்கிறார், இரண்டாவதில் ஒரு வேலை சொல்கிறார். தமிழ் இந்த வித்தியாசத்தை எவ்வளவு அழகாகச் செய்கிறது பாருங்கள்: 'வருவதாக' என்றால் செய்தி, 'வர' என்றால் ஏவல். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்து இந்த இடத்தில் குழம்பி நின்ற ஒருவருக்கு இந்தத் தமிழ்ச் சோடியைச் சொன்னபோது ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

இப்போது மற்றதெல்லாம் தானாக வரும். கே வெங்கா: வரட்டும். கியேரோ கே வெங்காஸ்: நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன். தேஹா கே வெங்கா: அவரை வர விடு. புவேதே கே வெங்கா: அவர் வரக்கூடும். ஆந்தேஸ் தே கே வெங்கா: அவர் வர முதல். எல்லாவற்றிலும் நம் பக்கம் 'வர', அவர்கள் பக்கம் 'வெங்கா'.

பழைய தமிழில் இன்னும் நேராகவே இருக்கிறது. வருக, வாழ்க, ஒழிக என்ற வியங்கோள். ஊர்வலங்களில் கேட்கிற 'விவா!' என்பது விவீர் வினையின் சப்ஜங்டிவ்தான், சொல்லுக்குச் சொல் 'வாழ்க'. ஒரு வித்தியாசம் மட்டும். நம் வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் ஒரே வடிவம், 'அவன் வாழ்க, அவர்கள் வாழ்க'. ஸ்பானிஷில் பலர் என்றால் 'விவான்' என்று மாற்ற வேண்டும்.

அப்படியென்றால் தமிழில் 'வர' வந்த இடமெல்லாம் வெங்கா போடலாமா?

ஒரு இடத்தில் மட்டும் கவனம். விரும்புகிறவரும் வருகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் சப்ஜங்டிவ் வேண்டாம், வினையின் பெயர் வடிவமே போதும். கியேரே வெனீர், அவர் வர விரும்புகிறார். கியேரே கே வெங்கா என்றால் வேறு யாரோ ஒருவர் வர வேண்டும் என்று அவர் விரும்புகிறார். ஆள் மாறினால்தான் 'கே', 'கே' வந்தால்தான் வெங்கா.

நடப்பது உறுதியாகத் தெரிந்தும் சப்ஜங்டிவ் வருகிறதே, ஏன்?

மே அலேக்ரா கே வெங்காஸ். நீ வருவது எனக்குச் சந்தோஷம். அவன் வருவது உறுதி, ரிக்கெற் கூட எடுத்துவிட்டான், பிறகென்ன சப்ஜங்டிவ் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இங்கே யாரும் யாருக்கும் 'நீ வருகிறாய்' என்று செய்தி சொல்லவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். சொல்லப்படுகிற செய்தி 'எனக்குச் சந்தோஷம்' என்பதுதான், வருகை அதற்குக் கீழே விரித்த பாய் மாதிரி. மே மொலேஸ்தா கே (எனக்குத் தொந்தரவாக இருக்கிறது), மே தா மியேதோ கே (எனக்குப் பயமாக இருக்கிறது), எஸ் புவேனோ கே (நல்லது) எல்லாம் இந்தக் குடும்பம். மனதைச் சொல்லும் வசனமா, மதிப்பிடும் வசனமா, அப்போது சப்ஜங்டிவ். தமிழ் இங்கே 'வருவது' என்று ஒரு பெயரை வைத்துச் சமாளித்துவிடுகிறது, அதனால் நமக்கு இதில் உதவி இல்லை, பழக்கத்தால்தான் வர வேண்டும்.

'நினைக்கிறேன்', 'நினைக்கவில்லை' இரண்டுக்கும் ஏன் வேறு வேறு?

க்ரேயோ கே வியேனே: அவர் வருவார் என்று நினைக்கிறேன். நோ க்ரேயோ கே வெங்கா: அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. 'நினைக்கிறேன்' என்பது பாதிச் சாட்சியாவது சொல்கிறது. 'நினைக்கவில்லை' என்றவுடன் சாட்சிக்கூண்டில் இருந்து இறங்கிவிடுகிறோம். தமிழில் உள்ளே இருக்கும் வினை மாறாது, 'வருவார் என்று' இரண்டிலும் அப்படியே நிற்கும், அதனால் இந்தப் பிழை நம்மவர் வாயில் கட்டாயம் வரும்.

நானும் விட்டிருக்கிறேன். காற்றடித்த ஒரு நாள், ஸ்பெயினில் இருந்து வந்த வயதான ஒருவர் நாளைக்குப் புறாத்தீவுக்குப் படகு போகுமா என்று கேட்டார். போகாது என்று நினைத்து, நோ க்ரேயோ கே வா எல் பார்கோ என்றேன். அவருக்கு விளங்கியது. பிறகு மெதுவாக, 'வாயா' என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். அன்றோடு அது மறக்கவில்லை.

இதைத் திருப்பியும் பிழைவிடுவார்கள், வேண்டாத இடத்தில் வெங்கா போட்டு. சரியான வசனம் 'க்ரேயோ கே நோ வியேனே', அவர் வரவில்லை என்று நினைக்கிறேன். இங்கே 'இல்லை' உள்ளே இருக்கிறது, வெளியே 'நினைக்கிறேன்' உறுதியாக நிற்கிறது, ஆகவே சாதாரண நிகழ்காலம்தான். வெளி வினையைத்தான் பார்க்க வேண்டும்.

'வரும்போது' என்பதற்கு எது?

குவாந்தோ வியேனே, கொமேமோஸ் ஹூந்தோஸ்: அவர் வரும்போதெல்லாம் சேர்ந்து சாப்பிடுவோம். இது வழக்கம், நடந்துகொண்டிருக்கிறது, சாட்சி சொல்லலாம். குவாந்தோ வெங்கா, கொமெரேமோஸ் ஹூந்தோஸ்: அவர் வரும்போது சேர்ந்து சாப்பிடுவோம். இன்னும் வரவில்லை, ஆகவே சப்ஜங்டிவ். நம்முடைய 'வரும்போது' இரண்டையும் சுமக்கிறது. 'வரும்போதெல்லாம்' என்று சொல்ல முடிந்தால் வியேனே, முடியாவிட்டால் வெங்கா.

'வாற கிழமை' என்று நாம் சொல்வதை அவர்களும் அப்படியே சொல்கிறார்கள்: லா செமானா கே வியேனே. எதிர்காலம்தானே என்று அதில் வெங்கா போட்டுவிடாதீர்கள், கிழமை வருவதில் யாருக்கும் ஐயம் இல்லை.

'என்றால்', 'வந்தால்' என்பதற்கும் சப்ஜங்டிவா?

இல்லை. சி வியேனே, வந்தால். 'சி'க்குப் பின்னால் நிகழ்கால சப்ஜங்டிவ் போடாதீர்கள்.

விருந்தாளிகளை 'வாங்கோ' என்று கூப்பிடுவது எப்படி?

நமக்கு இது நாளாந்தத் தேவை, நன்றாகப் பழகுங்கள். 'வா' என்றால் வென், இது சப்ஜங்டிவ் இல்லை. 'வாங்கோ' என்று ஒருவரிடம் மரியாதையாகச் சொன்னால் வெங்கா, பலரிடம் வெங்கான். அதாவது மரியாதை ஏவல் முழுவதும் சப்ஜங்டிவிடம் கடன் வாங்கியது. உள்ளே வாங்கோ, பாசே. இருங்கோ, சியேந்தேசே. கவலைப்படாதேங்கோ, நோ சே ப்ரெயோகூப்பே.

'வராதே' என்றால் நீ-க்கும் சப்ஜங்டிவ்தான்: நோ வெங்காஸ். மறுத்துச் சொல்லும் ஏவல் எல்லாமே அப்படித்தான். படகு விடும் தம்பிமார் இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், நீங்களும் வையுங்கள். புறாத்தீவில், நோ தோக்கென் லோஸ் கொராலேஸ், பவளப்பாறையைத் தொடாதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் நாட்களில் நிலாவெளிக் கரையில், நோ நாதென் அகீ, இங்கே நீந்தாதீர்கள். இரண்டாவது ஒரு உயிர்ப் பிரச்சினை, உச்சரிப்புச் சரியில்லை என்று வெட்கப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள்.

'நான் வரட்டுமா?' என்று கேட்க 'வெங்கா' சரிதானே?

இதில்தான் தமிழர் எல்லாரும் விழுகிறோம். நாம் கேட்கிறவர் இருக்கும் இடத்துக்குப் போவதையும் 'வருகிறேன்' என்போம். போனில், 'நான் உங்கள் வீட்டுக்கு வாறன்'. ஸ்பானிஷில் வெனீர் என்பது சொல்கிறவர் இருக்கும் பக்கம் வருவதற்கு மட்டும். கேட்கிறவர் பக்கம் போவதற்கு ஈர், அதாவது 'போ'. யாராவது கூப்பிட்டால் 'இதோ வாறன்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'யா வோய்' என்கிறார்கள், சொல்லுக்குச் சொல் 'இப்போ போகிறேன்'.

ஆகவே 'நான் உன் வீட்டுக்கு வரட்டுமா?' என்பது கியேரேஸ் கே வாயா அ து காசா? நம் 'வர'வுக்கு இங்கே 'வாயா'. மேலே சொன்ன 'வர என்றால் வெங்கா' கணக்கு பிழைக்கும் முக்கியமான இடம் இது. வருகிறவர் உங்களை நோக்கி வருகிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

'ஒஹலா' என்று அடிக்கடி கேட்கிறதே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒஹலா வெங்கா: அவர் வந்துவிட வேண்டும், வந்தால் எவ்வளவு நல்லது. 'கே' இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னால் சப்ஜங்டிவ்தான்.

இது அரபுச் சொல்லில் இருந்து வந்தது, 'இறைவன் நாடினால்' என்ற பொருளில். 711-இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குப் போனதில் இருந்து 1492-இல் கிரனாடா விழும்வரை அங்கே அரபு வாழ்ந்தது, அதன் பிறகும் இந்தச் சொல் ஸ்பானிஷை விட்டுப் போகவில்லை. கிண்ணியாவில் இருந்து படிக்க வரும் தம்பியிடம் இதைச் சொன்னபோது, அப்போ இன்ஷா அல்லாஹ் மாதிரித்தானே என்றார். கிட்டத்தட்ட அதே தான், ஆனால் ஒஹலா வெறும் ஆசையைச் சொல்லும், வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும்போது சொல்வதில்லை.

சொற்கள் இப்படிக் கரை தாண்டுவது நமக்குப் புதிதில்லை. பாண், குசினி, மேசை, சப்பாத்து என்று நாம் வீட்டில் சொல்வது போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் சகோதர மொழிகள், அதனால் ஸ்பானிஷில் பான், கொசீனா, மேசா, சப்பாத்தோ என்று கேட்டால் உங்களுக்கு உடனே விளங்கும்.

'தமிழ் தெரிந்த ஒருவர்' என்பதில் ஏன் இரண்டு வழி?

கொனோஸ்கோ அ உன் கீயா கே அப்லா தமீல்: தமிழ் கதைக்கிற வழிகாட்டி ஒருவரை எனக்குத் தெரியும். ஆள் இருக்கிறார், அப்லா. புஸ்கோ உன் கீயா கே அப்லே தமீல்: தமிழ் கதைக்கிற வழிகாட்டி ஒருவரைத் தேடுகிறேன். இருக்கிறாரோ இல்லையோ, அப்லே. கோணேசர் கோயிலுக்குப் போக வழிகாட்டி தேடி ஒருவர் உங்களிடம் வந்தால் அந்தக் கடைசி ஏ-யைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் மனதில் இன்னும் எந்த ஆளும் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும், உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

'யார் வந்தாலும்', 'மழை பெய்தாலும்' எல்லாம்?

யார் வந்தாலும்: வெங்கா கியென் வெங்கா. என்ன நடந்தாலும்: பாசே லோ கே பாசே. வினையை இருபுறமும் நிறுத்திச் சொல்வது, நாவுக்கு நன்றாக இருக்கும். ஆவுங்கே யுவேவா, மழை பெய்தாலும், பெய்யுமோ தெரியாது. ஆவுங்கே யுவேவே, மழை பெய்கிறது, ஆனாலும்.

'வெங்கா, வெங்கா' என்று ஸ்பெயின்காரர் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்களே?

ஸ்பெயினில் அது ஒரு வழக்கு. 'சரி', 'வா வா, சீக்கிரம்', 'அட விடு', போனை வைக்கும்போது 'சரி அப்போ'. யாரையும் வரச் சொல்லவில்லை, எழுந்து போய்விடாதீர்கள்.

நாளைக்கே சொல்லக்கூடிய ஒரு வசனம் தாருங்கள்.

விருந்தாளிகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போது நாம் 'போ' என்று சொல்ல மாட்டோம், 'போயிற்று வாங்கோ' என்போம். அதற்கு நெருக்கமாக ஸ்பானிஷில் நான் சொல்வது: கே லெஸ் வாயா பியென், இ கே வுவெல்வான். எல்லாம் நல்லபடி நடக்கட்டும், திரும்பி வரட்டும். இரண்டும் சப்ஜங்டிவ், இரண்டுக்கும் நம் பக்கம் 'அட்டும்'. போன ஆகஸ்டில் இதை வாசலில் நின்று ஒரு குடும்பத்துக்குச் சொன்னேன். ஓட்டோவில் ஏறிய பாட்டி திரும்பிப் பார்த்து ஒரே சொல்லில் பதில் சொன்னார்: 'ஒஹலா'.